சத்தமில்லாத வண்டி

ஜூன் 3, 2025. செவ்வாய்

கோபிநாத் சார் இன்று என் தலையில் ஒரு வேலையைக் கட்டிவிட்டார். எங்கள் அட்டைப்பெட்டி கம்பெனியின் பழைய ஃபோர்க்லிஃப்ட் இனி ரிப்பேருக்கும் லாயக்கில்லை. புதிது வாங்க வேண்டும். "டீசலா பேட்டரியா, நீயே பார்த்துச் சொல்லு மெரின். நீ சொல்றதுதான்" என்றார். முதலாளி இப்படிச் சொன்னால் பயப்படத்தான் வேண்டும். எனக்கு என்னவோ பெருமையாக இருந்தது. ஒரு செருப்பு வாங்க நேரு வீதியை நாலு சுற்று சுற்றுகிறவளை நம்பி இவ்வளவு பெரிய வண்டி!

பழைய டீசல் வண்டி காகித ரீலைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தால் குடோன் முழுக்கப் புகைதான். பெட்டி ஒட்டும் இடத்தில் வீராயி அக்கா இன்றும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு இருமிக்கொண்டிருந்தார். "இந்தச் சனியன் எப்போ மேடம் ஒழியும்?" என்று கேட்டார். வண்டியைத்தான் கேட்டார் என்று நினைக்கிறேன்.

ஜூன் 5. வியாழன்

கீழ்வீட்டு அம்மா மறுபடி படியேறி வந்துவிட்டார். "இன்னாம்மா, மேல நெல்லு குத்துறீங்களா?"

அவரைக் குற்றம் சொல்ல முடியாது. முப்பது வருடம் மில்லில் தறி ஓட்டியதில் அப்பாவுக்குக் காது போய்விட்டது. கூப்பிட்டால் திரும்ப மாட்டார். தரையை ஓங்கி இரண்டு மிதி மிதித்தால் உடனே திரும்புவார். அம்மா இருந்தவரை அம்மா மிதித்தாள். இப்போது நான் மிதிக்கிறேன். காது மிஷின் வாங்கிக் கொடுத்தேன். உள்ளே கரகரவென்கிறது என்று டப்பாவிலேயே பத்திரமாக வைத்திருக்கிறார். அவர் பேசினால் மட்டும் எங்கள் மூலக்குளம் முழுக்கக் கேட்கும்.

ஜூன் 11. புதன்

வண்டி ஓட்டும் காத்தவராயன் அண்ணனைக் கேட்டேன். அவர் டீசல் கட்சி. "மழையில அந்தச் சரிவுல ரீலோட ஏறணும் மேடம். டீசல்னா அடிச்சிட்டுப் போவும். பேட்டரி நடுவுல படுத்துடுச்சுன்னா நானா தூக்குறது?" எலக்ட்ரீஷியன் கலைவாணனைக் கேட்டேன். இப்போது வரும் பேட்டரி வண்டிகள் அப்படிப் படுக்காது, சாப்பாட்டு நேரத்தில் சார்ஜில் போட்டால் போதும் என்றான். வீராயி அக்காவைக் கேட்டேன். புகை இல்லாதது எதுவானாலும் சரி, மாட்டு வண்டி என்றாலும் சரி என்றார்.

எல்லோரையும் கேட்டாயிற்று. மெரின் மேடம் ஜனநாயகவாதி.

கழிவு அட்டை அள்ளும் அம்மாவாசை மாமா எதிரில் வந்தார். அப்பாவோடு ஒரே ஷெட்டில் தறி ஓட்டியவர். மில் மூடியபிறகு அப்பா சொல்லி நான்தான் இங்கே சேர்த்துவிட்டேன். அவருக்கும் காது அப்பா மாதிரிதான். தறிச் சத்தத்தில் வாய்ப்பேச்சு எடுபடாது என்பதால் மில்காரர்கள் கையாலேயே பேசிப் பழகியவர்கள். தினமும் என்னைப் பார்த்ததும் நெஞ்சில் கைவைத்து, பிறகு ஐந்து விரலையும் குவித்து வாயருகே கொண்டுபோவார். அப்பா சாப்பிட்டாரா? நான் தலையாட்டுவேன். அவர் போய்விடுவார். இன்றும் அப்படித்தான்.

அவரைக் கேட்கத் தோன்றவில்லை. கழிவு அள்ளுகிறவருக்கும் வண்டிக்கும் என்ன?

ஜூன் 20. வெள்ளி

சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் பேட்டரி வண்டி ஓடுகிறது என்று விற்பனைக்காரர் அழைத்துப்போனார். நின்று பேசிக்கொண்டிருக்கிறேன். திரும்பினால் என் முதுகுக்குப் பின்னால் ஒரு முழம் தள்ளி வண்டி நிற்கிறது! வந்ததே தெரியவில்லை. துள்ளிக் குதித்தேன். டிரைவர் சிரித்தார், நானும் சிரித்தேன். புகை இல்லை, சூடு இல்லை, நாற்றம் இல்லை.

"தரையில நீல வெளிச்சம் விழுற மாதிரி ஒரு லைட் இருக்கு மேடம். வண்டிக்கு முன்னாலயும் பின்னாலயும் போயிட்டே இருக்கும். போட்டுத் தரவா? மிஷின் சத்தம் ஜாஸ்தியா இருக்கிற எடத்துல கேப்பாங்க" என்றார் விற்பனைக்காரர்.

"எங்க குடோன் அமைதியான இடம்தான். ரிவர்ஸ் பஸ்ஸர், ஹாரன் இருக்குல்ல, போதும்" என்றேன். டிஸ்கோ லைட்டெல்லாம் நமக்கெதற்கு என்றும் ஒரு நகைச்சுவை செய்தேன்.

ஜூலை 2. புதன்

பேட்டரிதான். சாரிடம் சொல்லிவிட்டேன். ஏன் என்று கேட்டார். முதல் காரணமாக என் வாயில் வந்தது: "சத்தமே இல்லை சார்."

ஆகஸ்ட் 4. திங்கள்

வண்டி வந்துவிட்டது! சந்தனம், குங்குமம், மாலை. சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். காத்தவராயன் அண்ணன் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பிவிட்டு, "ஸ்டார்ட் ஆயிடுச்சா மேடம்?" என்று என்னையே கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். பழம் நசுங்கியபிறகுதான் ஓடுகிறது என்று நம்பினார். வீராயி அக்கா எனக்குத் திருஷ்டி கழித்தார்.

அம்மாவாசை மாமா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து வண்டியின் பக்கவாட்டில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். பிறகு தரையைக் காலால் ஒருமுறை தேய்த்தார். "இது ஓடுதா பாப்பா?" ஓடுகிறது என்று தலையாட்டினேன். அவரும் தலையை ஆட்டிக்கொண்டே போனார். அவ்வளவு அதிசயம் அவருக்கு!

ஆகஸ்ட் 19. செவ்வாய்

வீராயி அக்கா இன்று முழுநாளும் இருமவில்லை. நானே போய் நின்று கவனித்தேன். இந்த வேலையில் சேர்ந்ததிலிருந்து நான் செய்த ஒரே உருப்படியான காரியம்.

செப்டம்பர் 9. செவ்வாய்

அம்மாவாசை மாமாவின் கால். ஐயோ, இன்று எழுத முடியாது.

செப்டம்பர் 10. புதன்

எழுதினால்தான் தூங்க முடியும் போலிருக்கிறது.

ரீல் அடுக்குகளுக்கு நடுவில் இருந்து மாமா கழிவு அட்டைக் கட்டை இழுத்துக்கொண்டு, முதுகைக் காட்டியபடி வெளியே வந்திருக்கிறார். அதே நேரம் காத்தவராயன் அண்ணன் ரீலைப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாக வந்திருக்கிறார். ரீல் முன்னால் மறைக்கும், அதனால் பின்பக்கமாகத்தான் ஓட்டியாக வேண்டும். அவர் மேல் தப்பே இல்லை. திருப்பத்தில் ஹாரன் அடித்தார். பஸ்ஸர் கத்தியது. ஆபீஸ் அறையில் இருந்த எனக்கே கேட்டது. குடோனில் எல்லோருக்கும் கேட்டது.

ஒருத்தரைத் தவிர.

பின்சக்கரம் அவருடைய வலது பாதத்தின் மேல். அவர் அலறவே இல்லை. அலறியது காத்தவராயன் அண்ணன்.

பழைய வண்டி இருந்தபோது மாமா எத்தனை முறை திரும்பிப் பார்க்காமலே ஒதுங்கி வழிவிட்டிருக்கிறார்! நான் கண்ணால் பார்த்திருக்கிறேனே. எப்படித் தெரிகிறது என்று ஒருநாளாவது யோசித்தேனா? வீட்டில் தினமும் தரையை மிதிக்கிறவள்தானே நான். எனக்குத் தெரியாமல் வேறு யாருக்குடி தெரியும்?

செப்டம்பர் 12. வெள்ளி

ஆஸ்பத்திரிக்குப் போனேன். இரண்டு விரலை எடுத்துவிட்டார்கள். மற்றதைக் காப்பாற்றிவிடலாம் என்கிறார்கள். சாத்துக்குடி வாங்கிப் போயிருந்தேன். கொடுக்கும்போது வெட்கமாக இருந்தது. ஒருத்தர் காலை எடுத்துவிட்டுச் சாத்துக்குடி.

அவர் கோபமாக இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். குழப்பத்தோடுதான் பேசினார். "வண்டி வந்தா தரை சொல்லும் பாப்பா. உள்ளங்கால்ல குறுகுறுன்னும். டீசல் வாடையும் வரும். அன்னிக்கு ஒன்னும் வரல. நான் எங்கனா நெனப்பா இருந்துட்டேனோ இன்னாவோ."

தன்மேல் தப்பிருக்குமோ என்று யோசித்துக்கொண்டிருக்கிறார். இல்லை மாமா, இல்லை என்று தலையாட்டினேன். பிறகு சாத்துக்குடியை உரிக்க ஆரம்பித்தேன்.

செப்டம்பர் 13. சனி

அப்பாவைக் கூப்பிடக் காலைத் தூக்கினேன். மிதிக்க முடியவில்லை. பக்கத்தில் போய்த் தோளைத் தொட்டேன். திடுக்கிட்டுப்போய்க் கையிலிருந்த காபியைக் கொட்டிவிட்டார்.

பிறகு கேட்டார். "டீசல் வண்டியா ஏத்துச்சு?"

இல்லை.

"சத்தம் இல்லாததா?"

ஆமாம்.

"யார் வாங்குனது?"

என்னைத் தொட்டுக் காட்டினேன். அவர் கொட்டிய காபியைத் துடைக்கத் துணி எடுத்தார். துணியை நான் பிடுங்கிக்கொண்டேன்.

செப்டம்பர் 17. புதன்

கோபிநாத் சார் கூப்பிட்டார். நாலு நாளாகத் தூங்காத முகம். "அந்தாளுக்கு சுத்தமா காது கேக்காதாமே மெரின்? சேரும்போது உனக்குத் தெரியுமா?"

தெரியாது சார் என்றேன்.

அவ்வளவுதான் நடந்தது. யோசிக்கவே இல்லை. பல்லி வாலைப் போடுகிற மாதிரி வாய் தானாகப் போட்டுவிட்டது.

"மறைச்சிருக்கான் பாரு" என்றார். பிறகு, குடோனில் வேலை செய்கிற எல்லோருக்கும் காது டெஸ்ட் எடுக்கலாம், கேட்காதவர்களை உள்ளே விட வேண்டாம் என்றார். "இன்னொரு காலைப் பாக்குற தெம்பு எனக்கில்ல." அவரை எப்படித் தப்பு சொல்வது? நான் சொன்னதை வைத்துத்தானே அவர் முடிவெடுக்கிறார்.

எங்களிடம் இன்னும் சில பழைய மில்காரர்கள் இருக்கிறார்கள். மாமா வந்தபிறகு ஒருவர் பின் ஒருவராக வந்தவர்கள். ஒருத்தருக்கும் காது சரியில்லை.

செப்டம்பர் 22. திங்கள்

மாமா ஆஸ்பத்திரியிலிருந்து வந்துவிட்டார் என்று, சாரம் பகுதியில் இருக்கிற அவர் வீட்டுக்குச் சாரோடு போனேன். போகாமல் இருக்கச் சாக்கு கிடைக்கவில்லை. சார் அவர் முகத்துக்கு நேராகக் குனிந்து, உதடு தெரிய மெதுவாகக் கேட்டார். "காது கேக்காதுன்னு சேரும்போது ஏன் சொல்லல?"

மாமா சாரைப் பார்த்தார். பிறகு சாருக்குப் பின்னால் நின்ற என்னைப் பார்த்தார். முகத்தைப் பார்த்தே முழுப்பேச்சையும் படிக்கிறவர்கள் இவர்கள். என் முகத்தில் என்ன எழுதியிருந்ததோ.

"சொன்னா வேலை குடுக்க மாட்டீங்கன்னு மறைச்சிட்டேன் சார். யாருக்கும் தெரியாது."

சார் எழுந்து வெளியே போனார். நான் நின்றேன். மாமா என்னைப் பார்த்து நெஞ்சில் கைவைத்து, விரல்களைக் குவித்து வாயருகே கொண்டுபோனார்.

அப்பா சாப்பிட்டாரா.

தலையாட்டிவிட்டு ஓடிவந்துவிட்டேன். கடவுளே, அந்த மனுஷன் திட்டியிருக்கலாமே. செருப்பைக் கழட்டி வீசியிருக்கலாமே.

அக்டோபர் 1. புதன்

ஆயுத பூஜை. வண்டிக்கு வாழைக்கன்று கட்டிப் பொட்டு வைத்தார்கள். நான் அந்தப் பக்கம் போகவில்லை. காத்தவராயன் அண்ணன் தேடிக்கொண்டு வந்தார். அவர் இப்போது திருப்பத்துக்குத் திருப்பம் வண்டியை நிறுத்தி, இறங்கிப் பார்த்துவிட்டுத்தான் ஓட்டுகிறார். "பேசாம இதைக் குடுத்துட்டு டீசலே எடுத்துடலாம் மேடம். அது கத்திக்கினே வரும். நாலு பேரு நிம்மதியா இருக்கலாம்."

வீராயி அக்கா பொரி வாங்க வந்தவர் கேட்டுக்கொண்டு நின்றார். வேண்டாம் என்று சொல்லவில்லை. "எடுத்துடுங்க மேடம். எனக்காவத்தானே இத வாங்குனீங்க. நான் நல்லா மூச்சு வுடறேன், அந்தாளு கால் போச்சு. எனக்கு ராவுல தூக்கமே வரல" என்றார்.

அவர் ஏன் தூங்காமல் இருக்க வேண்டும்? அவர் கேட்டது புகை இல்லாத வண்டி. சத்தம் இல்லாததைக் கேட்டவள் நான்.

டீசல் எடுத்தால் இவருக்கு மார்ச்சளி. இதையே வைத்தால் அவர்களுக்குக் கால். ஜூன் மாதம் எவ்வளவு சுலபமாக இருந்தது!

அக்டோபர் 9. வியாழன்

காது டெஸ்ட் முடிந்தது. மில்காரர்கள் ஒருவர்கூடத் தேறவில்லை. தீபாவளி போனஸோடு கணக்கு முடித்து அனுப்பிவிடுவதாக முடிவு. பெயர்களைச் சொல்லச் சொன்னார்கள். சொன்னேன்.

அக்டோபர் 12. ஞாயிறு

சர்ச்சில் பூசை முடிந்து வந்தால் வீடு நிறைய ஆட்கள். மில்காரர்கள் அப்பாவைப் பார்க்க வந்திருந்தார்கள். பாயில் வட்டமாக உட்கார்ந்து கையால் பேசிக்கொண்டிருந்தார்கள். காபி போட்டுக்கொண்டே சமையலறையிலிருந்து பார்த்தேன். அத்தனை பேச்சு, ஒரு சத்தம் இல்லை. ஒருவர் தன் மகளுக்குத் தையில் கல்யாணம் வைத்திருப்பதைத் தாலி கட்டிக் காட்டினார். பிறகு இரண்டு கையையும் விரித்தார். அப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

என்னைக் கண்டதும் எல்லாக் கைகளும் மடியில் இறங்கிவிட்டன. மரியாதைக்கா, வேறெதற்கா? ஒருவர் மட்டும் "நல்லா இருக்கியா கண்ணு" என்றார்.

அவர்கள் போனபிறகு அப்பா கேட்டார். தெருவுக்கே கேட்கும் குரலில்தான் கேட்டார். "அம்மாவாசைக்குக் காது கேக்காதுன்னு உனக்குத் தெரியாதுன்னு சொன்னியா?"

கீழ்வீட்டு அம்மா இந்த முறை படியேறி வரவில்லை.

அக்டோபர் 14. செவ்வாய்

சொல்லிவிட்டேன்.

"எனக்குத் தெரியும் சார். அவரைச் சேர்த்துவிட்டதே நான்தான். எங்க அப்பாவுக்கும் அதே காதுதான். அவர் மறைக்கல, எனக்காகப் பொய் சொன்னார்." மூச்சு விடாமல் சொன்னேன். நீல லைட்டைப் பற்றியும் சொன்னேன். விற்பனைக்காரர் கேட்டதையும் நான் வேண்டாம் என்றதையும். டிஸ்கோ லைட் என்று சிரித்ததைக்கூட. அந்த லைட்டைப் போடுவோம், வண்டி போகிற வழியையும் ஆள் நடக்கிற வழியையும் கோடு போட்டுப் பிரிப்போம், யாரையும் அனுப்ப வேண்டாம் என்று கேட்டேன்.

சார் பேனாவை மூடி வைத்தார். "அன்னிக்கே சொல்றதுக்கு என்ன மெரின்? அந்தாளை அவர் வீட்லயே போயி கேள்வி கேட்டேனே நான்."

அந்த வீட்டில் அவருக்குப் பின்னால் நின்றவள் நான்.

இனி எதை வாங்குவதானாலும் கலைவாணன் பார்ப்பான். நான் ஸ்டோர்ஸ் மட்டும். நியாயம்தான். வீட்டுக்கு வந்ததும் அழுதேன். வேலை குறைந்ததற்கு இல்லை.

அக்டோபர் 27. திங்கள்

லைட் மாட்டியாயிற்று. மஞ்சள் கோடு போட்டாயிற்று. சார் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு, முதுகைக் காட்டி நடந்து, வண்டியைப் பின்னால் வரச் சொல்லித் தானே பார்த்தார். நீல வெளிச்சம் காலடிக்கு வந்ததும் ஒதுங்கினார். மறுபடி ஒருமுறை பார்த்தார். தீபாவளிக்குக் கணக்கு முடித்து அனுப்பிய மில்காரர்களைத் திரும்பக் கூப்பிடச் சொன்னார். மகளுக்குக் கல்யாணம் வைத்திருக்கிறவர் மட்டும் வரவில்லை. அதற்குள் வில்லியனூரில் ஏதோ கடையில் ராக்காவலுக்குச் சேர்ந்துவிட்டாராம்.

நவம்பர் 2. ஞாயிறு

கல்லறைத் திருநாள். அம்மாவுக்குப் பூப்போட்டு மெழுகுவர்த்தி ஏற்றினோம். அப்பா கல்லறைத் தரையைக் காலால் இரண்டு முறை மெதுவாகத் தட்டினார். ஒவ்வொரு வருடமும் செய்கிறார், இந்த வருடம்தான் என்னால் பார்க்க முடியவில்லை.

நவம்பர் 24. திங்கள்

அம்மாவாசை மாமா இன்று வேலைக்கு வந்தார். பாதத்துக்கென்று செய்த செருப்பு, கையில் கோல். உட்கார்ந்தே அட்டை பிரிக்கிற வேலை கொடுத்திருக்கிறார்கள். வீராயி அக்கா எழுந்துபோய் அவருக்கு நாற்காலி துடைத்துப் போட்டார். காத்தவராயன் அண்ணன் வண்டியை நிறுத்தி, இறங்கி வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

சாப்பாட்டு நேரத்தில் மாமா மஞ்சள் கோட்டுக்குள் நடந்து வந்தார். வண்டி அடுத்த வரிசையில் திரும்பியது. நீலப் பொட்டு தரையில் நகர்ந்து வந்ததும் நின்றுகொண்டார். அது போனபிறகு நடந்தார். லைட் வேலை செய்கிறது. என்னைக் கேட்டால் நூற்றுக்கு நூறு வேலை செய்கிறது.

நான் வழியில் நின்றிருந்தேன். காலையிலிருந்து அதற்காகவே காத்திருந்தேன். அவர் நெஞ்சில் கைவைப்பார், நான் தலையாட்ட வேண்டும், அவ்வளவுதான் என் வேலை. மாமா என்னைத் தாண்டிப் போனார். கோபமெல்லாம் இல்லை. அவர் நிமிரவே இல்லை. முன்பெல்லாம் தரையைக் காலிடம் விட்டுவிட்டு ஆட்களைப் பார்த்து நடந்தவர். இப்போது கண் தரையிலேயே இருக்கிறது. வலப்பக்கம், இடப்பக்கம், மறுபடி வலப்பக்கம் என்று வெளிச்சத்தைத் தேடிக்கொண்டே போனார்.

சாயந்திரம் வாசலிலேயே அப்பா நின்றார். "அம்மாவாசை வந்தானா?"

வந்தார்.

"நடக்கறானா?"

நடக்கிறார்.

"என்ன கேட்டான்?"

நெஞ்சில் கைவைத்தேன். விரல்களைக் குவித்து வாயருகே கொண்டுபோனேன்.

அப்பாவின் முகம் மலர்ந்துவிட்டது. "சாப்பிட்டேன்னு சொல்லு அவன்கிட்ட" என்றார்.